ஒரே வேலை... ரெண்டு பாஷை!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஆண்ட்ராய்டு ஆப் பண்றவங்க எல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க.

ஆப் உங்க போன்ல சூப்பரா ஓடுது. இனி பிளே ஸ்டோர்ல ஏத்த வேண்டியதுதான் பாக்கி. அதுக்கு உங்க சொந்த 'கீ' வச்சு ஆப்ல டிஜிட்டல் கையெழுத்துப் போடணும். டெஸ்ட் பண்றப்போ தானா கிடைக்கிற டீபக் கீயோட போனா, பிளே ஸ்டோர் வாசல்லயே திருப்பி அனுப்பிடும். சரின்னு ஒரு வழிகாட்டியைத் திறந்து, அதுல இருக்கிற உதாரணத்தை அப்படியே காப்பி, பேஸ்ட். அவ்ளோதான்... ஸ்க்ரீன் முழுக்க சிவப்புக் கோடு!

உங்க மேல தப்பில்லை பாஸ். ஆப்பைக் கட்டித் தர்ற கிரேடில் டூலுக்கு ரெண்டு பாஷை தெரியும். மூத்தது க்ரூவி, இளையது கோட்லின். ஆண்ட்ராய்டுல புது ப்ராஜெக்டுகளுக்கு இனி கோட்லின்தான் டீஃபால்ட்னு கூகுள் 2023-ல அறிவிச்சது. ஆனா, அதுக்கு முன்னாடி எழுதின உதாரணங்கள் பெரும்பாலும் க்ரூவியிலதான் இருக்கு.

எது எதுன்னு கண்டுபிடிக்கிறது ஈஸி. ஃபைல் பேரு 'கேடிஎஸ்'னு முடிஞ்சா கோட்லின். க்ரூவியில வார்த்தைகளை ஒற்றை மேற்கோள்ல போடலாம். கோட்லினுக்கு இரட்டை மேற்கோள்தான் வேணும். க்ரூவி பல இடத்துல சமக்குறி இல்லாட்டியும் கண்டுக்காது. கோட்லின் விடவே விடாது. அங்கே 'டெஃப்'னு எழுதினது இங்கே 'வேல்' ஆகிடும்.

தெரிஞ்சவங்களுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. முதல் ஆப் பண்ற ஒரு செகண்ட் இயர் பொண்ணுக்கு? 'நமக்கு கோடிங் செட்டாகாது போல'ன்னு லேப்டாப்பை மூடி வச்சிடுவா. மூணு மாச உழைப்பு கடைசிப் படியில நின்னு போயிடும்.

இதுக்கு மருந்து, ரெண்டு உதாரணத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதுதான். ஃப்ளட்டரோட ஆண்ட்ராய்டு ரிலீஸ் வழிகாட்டியில கோட்லின், க்ரூவி ரெண்டுக்கும் தனித்தனி டேப் இருக்கு. பழசைத் தூக்கிடலாமேன்னு கேட்காதீங்க. க்ரூவியில ஓடற ப்ராஜெக்டுகள் இன்னும் ஏராளம். அதை வச்சிருக்கிறவங்களும் ஆப்பை அப்டேட் பண்ணணும் இல்லையா?

இந்த வேலையை நீங்களும் செய்யலாம். ஃப்ளட்டர் வழிகாட்டியோட மூலம் கிட்ஹப்ல திறந்தே கிடக்கு. யார் வேணா திருத்தம் அனுப்பலாம். அவ்ளோ தூரம் வேணாமா? உங்க டிபார்ட்மென்ட் லேப் மேனுவல்ல ஆரம்பிங்க. மூணே ரூல்ஸ்தான். உதாரணத்துக்கு மேல ஃபைல் பேரைப் போடுங்க. புது ப்ராஜெக்ட் ஒண்ணு திறந்து, ரிலீஸ் பில்ட் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. விட்டுப் போனதை மட்டும் சேருங்க, பழசுல கை வைக்காதீங்க.

பத்து வரிதான். ஆனா அந்த செகண்ட் இயர் பொண்ணோட ஆப் பிளே ஸ்டோர்ல ஏறிடும். இந்த வீக் எண்ட் என்ன ப்ளான் பாஸ்?