வழிவாய்க்கால் உரித்து இல்லாத இணையம்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்கு ஒரு வழக்கு நன்கு தெரிந்திருக்கும். காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்ததும், கிணற்றில் இத்தனை பங்கு என்றும் அதற்குரிய வழிவாய்க்கால் உரித்து என்றும் நொத்தாரிசு எழுதுவார். கிணற்றில் பங்கைக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போகும் பாதையையும் தண்ணீர் ஓடும் வாய்க்காலையும் மறித்தால் அந்தப் பங்கினால் பயனில்லை என்பதை நமது முன்னோர் அறிந்திருந்தனர். இணையத்தைப் பங்கிடும் இன்றைய அதிகாரிகளுக்கு அந்த அறிவு போதவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

கரவெட்டியையே எடுத்துக்கொள்வோம். நெல்லியடிச் சந்தியில் ஒரு சிறிய அறையை எடுத்து, அங்கிருந்து முந்நூறு வீடுகளுக்கு ஃபைபர் கேபிள் இழுத்து இணையம் வழங்க ஓர் இளைஞர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கொழும்பில் நடக்க வேண்டிய காரியம். பத்திரம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. நெல்லியடியூடாகச் செல்லும் யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளது. மாகாண வீதியைக் கடக்க மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம் போக வேண்டும். உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு உரியவை. கம்பங்களோ மின்சாரத்துறைக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் சொந்தம். ஆக, ஒரே கேபிளுக்கு ஐந்து வாசல்களில் நிற்க வேண்டும். ஐந்தில் ஒன்று சாத்தப்பட்டாலும் கேபிள் வீடு போய்ச் சேராது.

பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதனிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், காத்திருக்கப் பணம் இருக்கிறது, சொந்தக் கம்பங்களும் இருக்கின்றன. ஸ்ரீலங்கா ரெலிகொம் அரச திணைக்களமாக இருந்து, 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பனியானது. அதன் ஆரம்ப முதல் பொதுமக்களுடைய பணம். பொதுப் பணத்தில் வளர்ந்த நிறுவனத்தின் கம்பத்தில், உரிய வாடகை கொடுத்து இன்னொருவர் கேபிள் கட்டுவதை யாசகமாகக் கருதுவது என்ன நியாயம்?

இதற்குச் சொல்லப்படும் மறுப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. கண்டவர் எல்லாம் கேபிள் கட்டினால் கம்பங்கள் சிலந்திவலையாகிவிடும், அறுந்து விழும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து உயிர் போகும் என்கிறார்கள். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் முறையான வழியைச் சட்டம் காட்டாத இடத்தில்தான் இரவோடிரவாகக் கேபிள் ஏறுகிறது. உயரம் இவ்வளவு, மின்கம்பியிலிருந்து இடைவெளி இவ்வளவு, ஒவ்வொரு கேபிளிலும் உரிமையாளரின் அடையாளப் பட்டி, விபத்துக்குக் காப்புறுதி, கைவிடப்பட்ட கேபிளை அகற்றும் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டு அனுமதி கொடுங்கள். மீறுபவரைத் தண்டியுங்கள். உரிமையைக் கொடுத்தால்தான் கடமையையும் கேட்கலாம்.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் 1978இல் கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் நியாயமான கட்டணத்தில் கம்பங்களைப் பயன்படுத்தச் சட்டம் வந்தது. 1996இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. தொலைபேசியோ தொலைக்காட்சியோ இன்றி இணையம் மட்டும் தரும் சிறு நிறுவனம் இந்த இரண்டு வகையிலும் அடங்கவில்லை. 2015இல் இணையத்தைத் தொலைத்தொடர்புச் சேவையாக அங்குள்ள ஆணைக்குழு வகைப்படுத்தியபோது அதற்கும் மத்திய சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. 2017இல் அதே ஆணைக்குழு அந்த வகைப்பாட்டை நீக்கியது. கம்பங்கள் மீதான உரிமைக்கு என்ன நேரும் என்று பார்க்காமல் நீக்கியது பிழை என 2019இல் மொசில்லா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2024இல் வகைப்பாடு மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2025 ஜனவரியில் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. ஒரு சொல்லின் வரைவிலக்கணத்தில் சிறு நிறுவனங்களின் பிழைப்பு ஊசலாடியதை அங்கே கண்டோம்.

இந்தியா 2016இல் வகுத்த வழியுரிமை விதிகள் இதைவிடத் தெளிவானவை. அறுபது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும், நிலத்தடிக் கேபிளுக்கு நிர்வாகக் கட்டணம் கிலோமீற்றருக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேற்படக்கூடாது என்று அவை விதித்தன. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆயினும் விண்ணப்பதாரர் கையில் பிடித்துக் கேட்க ஒரு விதி இருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் என்னும் சமூக நிறுவனத்துக்கு விவசாயிகள் தங்கள் வயல்களூடாகக் கேபிள் புதைக்க இலவசமாக வழிவிட்டார்கள். ஊரவர்களே மண்வெட்டியுடன் இறங்கினார்கள். வேலி அரையடி நகர்ந்தால் நீதிமன்றம் ஏறும் நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் வழிவாய்க்காலை உறுதியில் எழுதிவைத்தவர்களும் நாமே.

‘கைத்தொலைபேசி இருக்கிறது, 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் இருக்கிறது, கேபிள் எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. வானத்தால் வருபவருக்கு ஒழுங்கையில் அனுமதி தேவையில்லை என்பது மெய்தான். அதனால் ஒழுங்கையை மூடிவைக்கலாம் என்று ஆகிவிடுமா? ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் பேசுவதற்காகக் காத்திருக்கும் முதிய பெற்றோருக்கு, ஒன்று பழுதானால் கைகொடுக்க இன்னொன்று வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தொலைத்தொடர்பைத் துண்டித்தபோது, இங்குள்ளவரின் குரலைக் கேட்க முடியாமல் அங்குள்ளவர்கள் தவித்த தவிப்பு அதற்குள் மறந்துவிட்டதா?

2019இல் யாழ். மாநகர சபையின் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களுக்கு எதிர்ப்பு எழுந்தது. கதிர்வீச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசினோம். பொது வீதியில் நிற்கும் கம்பத்தில் வேறு யாருக்கெல்லாம் இடம் உண்டு, என்ன விலைக்கு என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று.

அதை இப்போது கேட்போம். 2025 மே தேர்தலின் பின் வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபையில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம், கட்டணம், முடிவு சொல்லும் கால எல்லை, மறுத்தால் எழுத்தில் காரணம் ஆகிய நான்கையும் சபை பகிரங்கமாக அறிவிக்கட்டும். சபையின் ஒழுங்கைகளுக்காவது இது முடியும். மின்சாரத்துறை 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்படி மறுசீரமைக்கப்படும் இவ்வேளையில், கம்பங்களை எல்லோருக்கும் ஒரே கட்டணத்தில் திறந்துவிடும் நிபந்தனையை விநியோக அனுமதிப்பத்திரத்திலேயே சேர்க்குமாறு நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்தட்டும்.

கரவெட்டியில் வசிக்கும் வாசகர்கள் இன்றே ஒன்று செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் வீதிகளில் கேபிள் இழுக்க யார் யாருக்கு, எந்த நிபந்தனையில், என்ன கட்டணத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். வரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள். ஒரு வரி விடாமல் இங்கே வெளியிடுகிறேன்.