முதலாளி எழட்டும்; பையன் உட்காரட்டும்



நம்மில் ஒருவரிடம் யாராவது "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால், "காலை ஆறு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிக்கு அடைக்கிறோம். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி, அண்ணாச்சி?" என்ற பதில்தான் வரும். உழைப்பு உண்மைதான். ஆனால், அந்தப் பதினாறு மணி நேரத்தில் கால்கள் எவ்வளவு நேரம் அசைந்தன என்று கணக்கெழுதிப் பார்த்தால் வரவுப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறார். கடைப் பையன் தராசுக்குப் பக்கத்தில் நின்றே இருக்கிறான். (நாற்பது வயதானாலும் நமக்கு அவர் பையன்தான்!) இரண்டுமே உடம்புக்குக் கேடு. முதலாளி அடிக்கடி எழ வேண்டும், பையன் அவ்வப்போது உட்கார வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம் இதயம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சரக்கை அனுப்புவது எளிது, பாக்கி வசூலிப்பதுதான் கடினம் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். உடம்பிலும் அதே கதைதான். பாதம் வரை இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வசூல் வேலையில் பெரும் பங்கு கெண்டைக்கால் தசையுடையது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுபோல் வால்வுகள் இருப்பதால், ஏறிய ரத்தம் கீழே இறங்குவதில்லை. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால் நல்ல சிரைகளில் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வால்வுகள் தளர்ந்து, காலில் நீலமாகச் சுருண்டு புடைக்கும் வாய்ப்பு அதிகம். நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் சுருள்வது நரம்பு அல்ல, சிரை.

அடுத்தது நிணநீர். குடோனில் மூட்டை இறக்கும்போது கொஞ்சம் பருப்பு சிந்தத்தான் செய்யும். சாயங்காலம் அதைக் கூட்டி, புடைத்து, திரும்பச் சாக்கில் போடுகிறோம். உடம்பிலும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இப்படிக் கசிந்ததில் நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை அள்ளிக் கொண்டுபோய், காறை எலும்புக்குப் பின்னால் உள்ள சிரைகளில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். வழியில் உள்ள நிணநீர்க் கணுக்கள் செக்போஸ்ட் மாதிரி நின்று கிருமிகளைப் பிடிக்கின்றன. இந்த ஓட்டத்துக்கு இதயம்போல் தனி பம்பு கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குகின்றன. அதற்குத் துணையாக இருப்பவை தசையின் அசைவும், ஆழ்ந்த மூச்சும்தான். இந்தப் பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு யானைக்கால் நோயே சாட்சி. கொசுவால் வரும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடுவதால்தான் கால் அப்படி வீங்குகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தவருக்கு ராத்திரி செருப்பு இறுகுவது அந்த நோய் அல்ல. கசிந்த நீர் திரும்பாமல் தங்கிவிட்டது, அவ்வளவே. ஒரு நடை நடந்தால் பெரும்பாலும் சரியாகும்.

பிராண வாயுவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும் என்று பலர் சொல்கிறார்கள். 2020, 2021-இல் கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, நல்ல உடம்புக்கு அது 95-க்கு மேல்தான் காட்டியது. ஆக, சரக்கு எப்போதும் நிறைந்தே இருக்கிறது. குறைவாக இருப்பது விற்பனைதான்! ஓய்வாக இருக்கும் உடம்பு, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி, விற்காத சரக்குபோல் திரும்பிவிடுகிறது. தசை வேலை செய்யும்போது எடுப்பு பல மடங்கு கூடுகிறது. தொடர்ந்து நடப்பவருக்குத் தசையில் நுண்குழாய்கள் பெருகுகின்றன, இதயமும் ஒரே துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைவது இதனால்தான்.

உட்கார்ந்த வேலையையும் அசைந்த வேலையையும் ஒப்பிட்டு முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் டாக்டர் ஜெரி மாரிஸ். லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார், நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் அவர் எழுதினார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவே பெரிது என்று 1956-இல் அவரே சுட்டிக்காட்டியதால், காரணம் அசைவு மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது. ஆனால் அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், அசையும் உடம்புக்கு இதய நோய் குறைவு என்ற பக்கமே சாய்ந்தன. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

நம் கடைகளில் முதலாளிதான் ஓட்டுநர். முன்பெல்லாம் வசூலுக்காகவாவது பஜாரை ஒரு சுற்று சுற்றுவோம். இப்போது பணம் செல்போனில் வந்து விழுகிறது, அந்த நடையும் போயிற்று.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் அது நீக்கிவிட்டது. சில்லறையாகச் சேர்த்தாலும் செல்லும். சில்லறை சேர்ப்பது நமக்குப் புதிதா? எங்கள் மண்டியில் இருப்பு பார்க்கும் வேலையைப் பையன்களிடம் விடாமல் நானே குடோனுக்கு நடந்து பார்க்கிறேன். நடைக்கு நடையும் ஆயிற்று, இருப்புக்கு இருப்பும் ஆயிற்று. கல்லாவை விட்டு எழ முடியாத நேரத்தில் குதிகாலை இருபது தடவை உயர்த்தித் தாழ்த்தினாலும் கெண்டைக்கால் தசை வேலை செய்யும். நிணநீரைச் சுத்தம் செய்யும் பெல்ட், அதிரும் மிஷின் என்று வருபவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, நடந்தால் நெஞ்சு அடைத்தாலோ, இரண்டு காலும் வீங்கி மறுநாளும் வற்றாமல் இருந்தாலோ நடைப்பயிற்சி மருந்தல்ல. உடனே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பையன் விஷயம். கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, ஆனால் அதன்மேல் பிஸ்கட் பெட்டி உட்கார்ந்திருக்கிறது! "பையன் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, சோம்பலும் வந்துவிடும்" என்கிறார்கள். பையன் உட்கார்ந்து நிறுத்தால் எடை குறைந்துவிடாது. கால் கடுக்க நிற்பவன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாடிக்கையாளரிடம் சிடுசிடுப்பதுதான் நமக்கு நஷ்டம். கால் புடைத்துப் போய் அவன் வேலையை விட்டால், பத்து வருடம் பழக்கிய கை போய்விடும்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் சங்கம் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். உறுப்பினர் கடை ஒவ்வொன்றிலும் ஊழியருக்கு ஓர் இருக்கை இருக்கட்டும், அதில் சரக்கு வைக்கக் கூடாது. கூட்டம் இல்லாத நேரத்தில் பையன் அதில் உட்காரட்டும். அந்த நேரத்தில் முதலாளி எழுந்து குடோன் வரை ஒரு நடை போய்வரட்டும். இதற்கு முதலீடு ஒரு ஸ்டூலின் விலைதான்.