புதிய லென்ஸ் வேண்டாம், பழைய சன்னல் போதும்

சென்ற ஆண்டு எங்கள் உம்மம்மா வஃபாத்தான பிறகு, அவருடைய நல்ல படம் ஒன்றைத் தேடி வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தையும் துழாவினோம். பிரியாணிச் சட்டியின் படங்கள் ஏராளமாகக் கிடைத்தன. விமான நிலையத்தில் வழியனுப்பிய படங்களும் இருந்தன. உம்மம்மாவும் பல படங்களில் இருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் முகம் இருண்டு கிடந்தது. அவர் வழக்கமாக அமரும் கட்டிலுக்குப் பின்னால் சன்னல். அந்தச் சன்னலை நோக்கியே அத்தனை முறையும் படமெடுத்திருக்கிறோம். வீட்டில் விலையுயர்ந்த கேமராவும் இரண்டு லென்ஸுகளும் இருந்தன என்பதையும் வெட்கத்துடன் சொல்லிவிட வேண்டும். அவரைச் சன்னலுக்கு எதிர்ப்புறம் வந்து அமருமாறு கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் இளைஞர்கள் பலர் ஆசையோடு கேமரா வாங்கி வருகின்றனர். சில மாதங்களில் படங்கள் மனத்துக்கு நிறைவளிக்காதபோது அடுத்த லென்ஸின் விலையை விசாரிக்கின்றனர். பொழுதுபோக்காகப் படமெடுப்போர் முன்னேறாமல் நிற்பதற்குக் கருவி காரணமன்று என்பதே எம் கருத்து. ஒரே பொருளை, ஒரே இடத்தில், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமை நம்மிடம் இல்லை.

அந்தப் பொறுமைக்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ எனும் ஒளியியல் நூலை எழுதினார். அவரைக் கேமராவைக் கண்டுபிடித்தவர் என்று மேடைகளில் முழங்குவது மிகை. சிறு துளை வழியே ஒளி புகுந்து உருவம் விழுவதை அவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தனர். அவர் செய்தது வேறு. ஒரு துளைக்கு வெளியே பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் ஏற்றி வைத்தார். உள்ளே இருட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளித்திட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை நீக்கியதும் அது திரும்பி வந்தது. ஒன்றை மாற்று, மற்றவற்றை அப்படியே விடு, என்ன நிகழ்கிறதெனப் பார் என்னும் முறை இது. படமெடுக்கக் கற்பவருக்கும் இதைவிடச் சிறந்த முறையை நாம் அறியோம்.

வீட்டில் ஒரு சன்னலைத் தேர்ந்துகொள்ளுங்கள். மின்விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். ஒருவரைச் சன்னலைப் பார்த்து அமரச் செய்து ஒரு படம். பக்கவாட்டில் திரும்பச் சொல்லி ஒரு படம். சன்னலுக்கு முதுகு காட்டச் சொல்லி ஒரு படம். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல நாள் வகுப்பு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. தவிர்ப்போர் ஒரு செம்பையோ மண்பானையையோ வைத்துப் பழகலாம்.

பிறகு நேரத்தை மட்டும் மாற்றுங்கள். உச்சி வெயில் முகத்தில் கண்குழிகளைக் கறுப்பாக்கும். இஷ்ராக் நேரத்து வெளிச்சமும் மஃரிபுக்குச் சற்று முந்திய வெளிச்சமும் பக்கத்திலிருந்து மென்மையாக விழும். நிழலின் நீளத்தைக் கொண்டு அஸ்ரைக் கணித்த சமூகத்துக்கு இதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பெருநாள் படங்களில் நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாகத் திரண்ட கூட்டம் படத்தில் சலவை செய்யாத துணிபோல் மங்கித் தெரியும். கேமராவின் ஒளியளவி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்கிடுகிறது. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் மிகுதி என்று குறைத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஏறத்தாழ ஒரு படி கூட்ட வேண்டும். கறுப்பு புர்கா அணிந்தோர் நெருங்கி நிற்கும்போது நேர்மாறாக நடக்கும். கேமரா கறுப்பைச் சாம்பலாக்க முயல, முகங்கள் வெளிறிப்போகும். அங்கே ஒரு படி குறைக்க வேண்டும். இப்போதைய கைப்பேசிகள் ஓரளவு சமாளிக்கின்றன. சமாளிக்காதபோது திரையில் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தினால் போதும். ஓடும் பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடியளவில் இருக்கட்டும்.

அனுமதி கேட்பதையும் நாம் திறமையின் பகுதியாகவே கருதுகிறோம். கேட்கத் தயங்குபவர் தொலைவிலிருந்து ஜூம் செய்கிறார். கிடைத்த வெளிச்சத்தில் கிடைத்ததை எடுக்கிறார். கேட்டுவிட்டவரோ, “கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள்” என்று சொல்ல முடிகிறது. திருமண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம் ஓர் அமானிதம். அது எந்தக் குழுவுக்குப் போகலாம் என்பதைப் படத்தில் இருப்பவரே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கட்டில் இப்போது இடம் மாறியிருக்கிறது. அஸ்ர் தொழுதுவிட்டு வரும் வாப்பா சன்னலைப் பார்த்தபடி அதில் அமர்கிறார். முதல் நாள் எடுத்த படத்தில் அவருடைய கண்ணாடியில் சன்னல் முழுதாகத் தெரிந்து கண்களை மறைத்தது. மறுநாள் முகவாயைச் சற்றே தாழ்த்தச் சொன்னோம். இன்னும் எத்தனை நாள் இந்த விளையாட்டு என்று கேட்டார், தாழ்த்தினார்.