பாயிண்ட் எண்ணாமல் ஒரு மலைப் பயணம்

லேக் மார்க்கெட்டில் சனிக்கிழமை காலை கறிவேப்பிலையும் வாழை இலையும் வாங்க நிற்கும்போது நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், டார்ஜிலிங் போறோம். ரெண்டு நாள் போதுமில்லே? எத்தனை பாயிண்ட் காட்டுவான்?" இந்த வாரமும் ஒருத்தர் கேட்டார். அங்கேயே நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் தங்கமணி முறைப்பாங்க. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். ரெண்டு நாள் போதாது. ரெண்டு நாள்தான் லீவு என்றால் பூரிக்குப் போய் ஜகந்நாதரைச் சேவித்துவிட்டு வாருங்கள். மலைக்கு ஐந்து ராத்திரி வேண்டும். பாயிண்ட் லிஸ்ட் வேண்டவே வேண்டாம்.

இது அனுபவத்தில் வந்த ஞானம். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

நான் கொல்கத்தா வந்தது 2006-இல். நடுவில் ரெண்டு ஊருக்கு மாற்றல், மறுபடியும் இங்கேயே. வங்காளிகளுக்கு விடுமுறை என்றால் 'தீ-பு-தா'தான்: தீகா, பூரி, தார்ஜிலிங். நமக்கோ ஒரே ஊர், சொந்த ஊர். பேங்க் கொடுத்த எல்.எஃப்.சி. முழுக்க கும்பகோணம் கணக்கிலேயே பற்று எழுதினேன். எட்டு வருஷம் கழித்து, 2014-இல் அப்பா இங்கே வந்திருந்தபோதுதான் முதல் தடவையாக மலை ஏறினோம். ரெண்டு ராத்திரி, மூணு பகல், ஏழு பாயிண்ட்.

அப்பா ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். அப்போது அவருக்கு 73. சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளி இல்லையா? மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர். "என் வாத்தியாருக்கு வாத்தியார் இந்த ஊர்க்காரர்டா" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மங்பூன்னு ஒரு ஊர் இருக்காமே, தாகூர் தங்கின வீடு. அரை நாள் நிறுத்த முடியுமா?"

முடியாது என்று நான்தான் சொன்னேன். அது லிஸ்டில் இல்லை, டிரைவர் தனியாகக் காசு கேட்பார், வழியும் வேறு. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்ப்பா." விடிகாலை 4 மணிக்கு எல்லோரையும் எழுப்பி டைகர் ஹில்லுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பார்த்தது பனிமூட்டமும் முன்னால் நின்றவரின் குரங்குக் குல்லாவும். திரும்பும் வளைவுகளில் பொண்ணுக்கு மூன்று தடவை வாந்தி. ஏழு பாயிண்டும் முடித்தோம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஏழில் நாலு பெயர்கூட வராது.

அடுத்த தடவை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. இப்போது வாசல் திண்ணைதான் அவருக்கு எல்லை. இந்த ஒரு என்ட்ரியை ரிவர்ஸ் பண்ண வழியே இல்லை. பி.காம் படித்து என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

போன நவம்பரில் நானும் தங்கமணியும் பொண்ணும் மறுபடி போனோம், இந்தத் தடவை லிஸ்ட் இல்லாமல். எங்கள் ஏற்பாட்டை அப்படியே தருகிறேன், உங்களுக்கு உதவும்.

எப்போது: துர்கா பூஜை விடுமுறையில் கொல்கத்தாவே மலை மேல் இருக்கும், அப்போது போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, தீஸ்தா ஓரச் சாலையில் மண் சரியும். 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடத்தில் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். கிளம்புவதற்கு முன் சாலை நிலவரம் கேளுங்கள். நவம்பர் நடுவில் வானம் தெளிவு, கூட்டமும் குறைவு. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள்.

எப்படி: சியால்டாவில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். நேரே டார்ஜிலிங் ஏறாமல் முதலில் காலிம்போங். உயரம் சுமார் 4,100 அடிதான், உடம்பு பழகும்.

காலிம்போங்கில் ரெண்டு ராத்திரி: 1962 சீனப் போருக்கு முன்னால் திபெத்திலிருந்து கோவேறு கழுதைகளில் கம்பளி வந்து இறங்கிய சந்தை ஊர். 'திபெத் மிர்ரர்' என்ற திபெத்திய மொழிப் பத்திரிகை 1925-இல் இங்கே தொடங்கியது. தாகூர் 1938-இல் தன் பிறந்தநாள் கவிதையை கௌரிபூர் மாளிகையிலிருந்து தொலைபேசி வழியாக வாசிக்க, கல்கத்தா வானொலி அதை ஒலிபரப்பியது. அவர் மருமகள் பிரதிமா தேவி கட்டிய 'சித்ரபானு' வீடும் இங்கேதான். டர்பின் குன்று மடத்தின் சுவர் ஓவியங்களுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கையால் காகிதம் செய்யும் பட்டறை பக்கமும் போய்விட்டு வரலாம். பொண்ணு அங்கே வாங்கிய காகிதத்தில்தான் படம் போட்டாள்.

மூன்றாம் நாள் மங்பூ: தீஸ்தா பஜார், ரம்பி வழியாக ஏற வேண்டும். ஊர் முழுக்க சின்கோனா. நம் நீலகிரியில் நடுவட்டம் பார்த்திருக்கிறீர்களா? அதே கொய்னா மரம்தான். இங்கே கொய்னா தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தவரின் மனைவி மைத்ரேயி தேவி, எழுத்தாளர். அவர் விருந்தாளியாக 1938-க்கும் 1940-க்கும் இடையில் தாகூர் நாலு தடவை வந்து தங்கினார். அறுபது வயதுக்கு மேல் மும்முரமாக ஓவியம் வரைய ஆரம்பித்த மனிதர் உட்கார்ந்த நாற்காலி, எழுதிய மேஜை எல்லாம் இருக்கிறது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒன்றரை மணி நேரம் இருந்தோம். பொண்ணு வராந்தாவை வரைந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

பிறகு டார்ஜிலிங்கில் ரெண்டு ராத்திரி: சத்யஜித் ராய் 1962-இல் 'காஞ்சன்ஜங்கா' எடுத்தார், முழுக்க இங்கேயே. கதை என்னவென்றால், ஒரு குடும்பம் ஒரு சாயங்காலம் மால் ரோட்டில் நடக்கிறது, பேசுகிறது, மேகம் விலகக் காத்திருக்கிறது. இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. போவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். சௌரஸ்தாவில் நேபாளி மொழியில் ராமாயணம் எழுதிய பானுபக்தர் சிலை உண்டு. ஒரு மலையூர் நடு முற்றத்தில் கவிஞருக்கு இடம் கொடுத்திருக்கிறது, பாருங்கள்! மாலையில் ஏதாவது ஒரு உணவகத்திலிருந்து கிட்டார் சத்தம் வரும். 1881-இல் வந்த பொம்மை ரயிலில் கூம் வரை போய்வர ரெண்டு மணி நேரம் போதும். நம் ஊட்டி ரயிலுக்கு 2005-இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் இதற்கு 1999-லேயே கிடைத்தது.

டைகர் ஹில்? நாங்கள் போகவில்லை. ரெண்டாம் நாள் காலை காபி தம்ளரோடு நிற்கும்போது, 8,586 மீட்டர் மலை ஜன்னலுக்கு நேரே தானாக வந்து நின்றது.

எதிர்வாதம் தெரியும். "அஞ்சு நாள் லீவை அங்கே செலவழிச்சா ஊருக்கு எப்போ போறது? அம்மா அப்பா பார்த்துக்கிட்டு இருப்பாங்களே?" நியாயம்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிழைக்க வந்த ஊரில் இருபது வருஷம் ஹாஸ்டல் மாதிரி இருந்துவிட்டுப் போவதும் சரியில்லை. பிள்ளைகள் வளர்ந்தது இந்த மண்ணில்தானே? அம்மா அப்பாவை நீங்கள் பார்க்கப் போகிற மாதிரி, அவர்களையும் இங்கே வரவழைத்து இந்த நாட்டைக் காட்டுங்கள், கால் நன்றாக இருக்கும்போதே. அப்போது அவர்கள் எங்கே நிறுத்தச் சொல்கிறார்களோ அங்கே வண்டியை நிறுத்துங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

பொண்ணு வரைந்த மங்பூ வராந்தாவை கும்பகோணத்துக்குத் தபாலில் அனுப்பினோம். பத்து நாளில் திரும்பி வந்தது, பென்சில் திருத்தத்தோடு. "மூணாவது தூண் சாய்ஞ்சிருக்கு. நிழல் நல்லா வந்திருக்கு. அந்த வராந்தாவிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அதையும் வரைஞ்சு அனுப்பு."

அதை வரையவில்லையே என்கிறாள். மார்ச்சில் மறுபடி டிக்கெட் போட வேண்டும்.