பங்காரில் போடுமுன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் குடியிருக்கும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாக எழும்பி வருகின்றன. வீட்டைக் காலி செய்யத் தேதி குறித்ததும் முதலில் இறங்குபவை லாஃப்டில் கிடக்கும் சாமான்கள்தாம். பித்தளை அண்டா, டிரங்குப் பெட்டி, கொலுப்படி இவற்றோடு சில வீடுகளில் கனமான மரப்பெட்டி ஒன்றும் இறங்கும். முன்பக்கம் துணி ஒட்டியிருக்கும்; பின்பக்கம் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குழல்கள் தெரியும். அப்பாவோ சித்தப்பாவோ கிடார் வாசித்த காலத்து வால்வு ஆம்ப்ளிபயர் அது. பங்கார்வாலா தூக்கிப் பார்த்து எடைக்கு விலை சொல்வார். தாராவி 13-ஆம் காம்பவுண்டுக்குப் போனால் டிரான்ஸ்பார்மரை உடைத்துச் செம்புக் கம்பியைப் பிரித்துவிடுவார்கள். அது அவர்கள் தொழில். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனத்தாங்கல் விற்கிறவர்கள் மீதும், என்னைப் போல் வாங்குகிறவர்கள் மீதும்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வு நேரத்தில் பழைய வால்வு செட்டுகளை வாங்கி, பழுது பார்த்து விற்று வருகிறேன். இதில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு அருகதை இல்லை. 2011-இல் செம்பூரில் ஒரு மாமி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கணவர் வாரநாட்களில் அலுவலகமும் சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடாருமாக இருந்தவர்; காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பங்கார்வாலா 400 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். நான் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டி இங்கே யாரோ தச்சர் செய்தது. ஒயரிங் உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கின் கைவேலை. ஆனால் ஸ்பீக்கர் இங்கிலாந்தில் செய்த செலஸ்டியன். பார்த்த மாத்திரத்தில் விலை எனக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. 1,000 ரூபாய் கொடுத்தேன். பங்கார்வாலா சொன்னதைப் போல் இரண்டரை மடங்கு என்று மாமிக்கு மகிழ்ச்சி. காபி கொடுத்து, "நீங்க நன்னா இருக்கணும்" என்று வாழ்த்தி அனுப்பினார். பழுது பார்க்க 3,500 ரூபாய் செலவாயிற்று. மூன்று மாதம் கழித்து பாந்த்ராவில் ஒருவருக்கு 30,000-க்கு விற்றேன்.

பழைய பெட்டிக்கு அவ்வளவு விலையா என்று கேட்கலாம். நம் வீடுகளில் இருந்த மர்பி, பிலிப்ஸ் ரேடியோக்களை நினைத்துப் பாருங்கள். சுவிட்சைப் போட்டுச் சற்றுப் பொறுத்த பிறகுதான் குரல் வரும். உள்ளே வால்வு சூடேற வேண்டும். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழலுக்குள் சூடான தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் ஓட, நடுவிலுள்ள வலை அந்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சிறிய ஒலியைப் பெரிதாக்குகிறது. டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோவிலிருந்து வால்வு போய்விட்டது. டிரான்சிஸ்டர் மலிவு, கனமில்லை, சூடில்லை. கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை.

அதற்கு நியாயமான காரணம் உண்டு. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைத் திணித்தால் சாதாரண டிரான்சிஸ்டர் செட் ஒலி அலையின் தலையைக் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டும். காதில் கரகரப்பாக விழும். வால்வு அதையே மெல்ல மழுக்கும். அப்போது மூல சுரத்தோடு அதன் மேல் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவன் வரவழைக்கிறோமே, அது போன்ற சங்கதிதான். நூல் இல்லாத தம்புராவும் சுருதி தவறுவதில்லை. ஆனால் அதில் உட்கார்ந்து பாட யாருக்கும் மனம் வராது.

நம் ஊரில் இந்தப் பெட்டிகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1991-க்கு முன் இறக்குமதி லைசென்சும் வரியும் வெளிநாட்டு ஆம்ப்ளிபயரை எட்டாத பொருளாக வைத்திருந்தன. கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டு வந்தது கொஞ்சம். மற்றபடி லேமிங்டன் ரோட்டில் டிரான்ஸ்பார்மரும் கண்டென்சரும் வாங்கி மெக்கானிக்குகள் தாங்களே கட்டினார்கள். பெங்களூரில் 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் வால்வுகள் தயாரித்தது, அந்த இ.எல். 84, இ.சி.சி. 83 வால்வுகளை இன்று வெளிநாட்டினர் தேடி வாங்குகிறார்கள். 1971-இல் வெளிவந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தில் 'தம் மாரோ தம்' பாட்டுக்கு பூபிந்தர் சிங் வாசித்த கிடாரைக் கேட்டுவிட்டு, அதே ஒலி வேண்டுமென்று மெக்கானிக் கடை வாசலில் நின்றவர்கள் நம்மவரிலும் உண்டு.

உள்ளூரில் கட்டியது என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலகப் புகழ் பெற்ற மார்ஷல் ஆம்ப்ளிபயரும் அப்படிப் பிறந்ததுதான். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவர் ஆட்களும் 1962-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் செட்டைப் பார்த்து, ஏறக்குறைய அதே சர்க்யூட்டை அங்கே கிடைத்த உதிரிகளைக் கொண்டு கட்டினார்கள். பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டிக்குள் நான்கு 12 அங்குல செலஸ்டியன்கள். நாதம் வேறாகிவிட்டது. லேமிங்டன் ரோட்டு மெக்கானிக் செய்ததும் இதே காரியம். பெயர்ப்பலகை வைக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

இதை வாயால் மட்டும் சொல்லாமல், போன வருடம் என் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இரண்டு இ.எல். 84 வால்வுள்ள உள்ளூர்ப் பெட்டி ஒன்று, நண்பர் கொண்டு வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒன்று, சாதாரண டிரான்சிஸ்டர் செட் ஒன்று. நடுவே போர்வையைத் திரையாகக் கட்டினோம். ஒரே கிடார், ஒரே கை. ஒலியின் அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினோம். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்; கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேட்டவர்கள் ஆறு பேர், என்னையும் சேர்த்து.

மெதுவாக, சுத்தமாக வாசித்தபோது எது வால்வு, எது டிரான்சிஸ்டர் என்று ஐந்து பேர் தப்பாகச் சொன்னோம். இருபது வருட அனுபவஸ்தனான நானும் அதில் ஒருவன். ஒலியைக் கூட்டி அழுத்தி வாசித்ததும் நிலைமை மாறியது. ஆறு பேரும் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்துவிட்டோம். வீணை கற்ற என் பெரியம்மா மகள், கிடாரைத் தொட்டே அறியாதவர், "மூணாவதுல கார்வை நிக்கல. மத்த ரெண்டுல மீட்டினதுக்கு அப்புறமும் சுரம் வளருது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கிடார் நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. நாதம், கார்வை, குழைவு என்றெல்லாம் நம்மிடம் சொற்கள் இருக்க, நம் பிள்ளைகள் 'டோன்', 'டோன்' என்று திணறுகிறார்கள்.

உள்ளூர்ப் பெட்டியா ஃபெண்டரா என்பதில் மூன்றுக்கு மூன்று. இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது வித்தியாசம் இன்னும் சுருங்கிவிட்டது. பாதி நாதம் ஸ்பீக்கரில் இருக்கிறது என்பது என் கருத்து. விலையோ பெயரில் இருக்கிறது.

அதனால் வாங்குகிறவர்கள் பெயரைப் படிக்காமல் காதால் கேட்டு வாங்குங்கள். வாட் கணக்கிலும் மயங்க வேண்டாம். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் மூன்று டெசிபல்தான் வித்தியாசம், நம் ஃப்ளாட்டில் 5 வாட்டே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிடும். ஒயர் செருகாமலே உர்ரென்று இரைந்தால் பெரும்பாலும் கண்டென்சர் காய்ந்திருக்கும், மாற்றிவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிருந்தால் செலவு அதிகம். நம் கடல் காற்றும் ஜூலை மாத ஈரமும் ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சை பிடிக்க வைக்கும், அதையும் பாருங்கள். அமெரிக்க செட்டை நேரே 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு சரி, ஸ்டெப்டவுன் வேண்டும். வால்வு இன்றும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது விலை எகிறியதை இத்தொழிலில் உள்ளவர்கள் மறக்கவில்லை. முக்கியமாக, லாஃப்டிலிருந்து இறக்கிய செட்டை ஆசையில் உடனே செருகாதீர்கள். திறந்து கையும் விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். உயிரை வாங்கிவிடும்.

இனி மாமி விஷயம். 2014-இல் பொங்கல் விழாவில் அவர் என்னைப் பார்த்து, பக்கத்திலிருந்த மகனிடம், "நமக்கு அன்னிக்கு ஒத்தாசை பண்ணினாரே, அவர்தான்" என்று அறிமுகப்படுத்தினார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுவாரம் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, "வாங்கினவர் அதுல வாசிக்கறாரா?" என்று மட்டும் கேட்டார். பாந்த்ராக்காரர் அதை ஹாலில் அலங்காரமாக வைத்து மேலே பூஜாடி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "பின்னே எங்காத்து லாஃப்ட்ல இருந்தா என்ன, அவாத்து ஹால்ல இருந்தா என்ன" என்றார். லாபம் 25,500-இல் பாதியை அனுப்பி வைத்தேன், வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் தாமதித்துக் கொடுத்ததில் பெருமைப்பட எதுவுமில்லை.

வியாபாரம் என்றால் விஷயம் தெரிந்தவன்தான் பிழைப்பான் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். சோர் பஜாரில் கடைக்காரரோடு பேரம் பேசும்போது நானும் அப்படித்தான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துக்க வீட்டில், நம் சங்கத்தார் என்று நம்பிக் கதவைத் திறந்தவரிடம் அது செல்லாது. தெரிந்ததற்குக் கூலி வேண்டுமானால் வெளிப்படையாகக் கேட்டு வாங்கலாம். நான் இப்போது பார்த்துச் சொல்ல 500 ரூபாய் வாங்குகிறேன். என்ன விலை போகும் என்று சொல்கிறேன். விற்றுத் தரச் சொன்னால் ஐந்தில் ஒரு பங்கு. வருமானம் குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலும் தப்பு உண்டு. எங்கோ யாரோ லட்சம் கேட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெட்டிக்கும் லட்சம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து, கடைசி நாளில் பங்காருக்கே போட்ட குடும்பங்களை அறிவேன். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு.

தாராவியில் நம் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குக் கிடார் வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரிக் குழுக்களில் வாசிப்பவர்களும் உண்டு. வாங்கக் காசு அதிகமில்லை; ஆனால் வாசிப்பார்கள். செம்பூர் லாஃப்டுக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். சங்கத்தின் செயற்குழு மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை ஹாலை ஒதுக்கித் தந்தால், வீடு காலி செய்பவர்கள் பெட்டிகளைக் கொண்டு வரலாம், பிள்ளைகள் வாசித்துப் பார்க்கலாம், விலையை எல்லார் முன்னாலும் பேசிக்கொள்ளலாம். ஹாலில் பிளக் பாயிண்ட் இரண்டுதான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் போர்டும் ஸ்டெப்டவுனும் நான் கொண்டு வருகிறேன்; திரை கட்ட இரண்டு போர்வை மட்டும் யாராவது கொடுத்தால் போதும்.