குடியை விட்டவர் போய் உட்கார ஓர் இடம்



குடிநோய் பற்றி எப்போது எழுதினாலும் புதுக்கோட்டை மாவட்டத்து வாசகிகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சிகிச்சை முடிந்து கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது தொடுவதில்லை, ஆனால் பொழுது சாய்ந்தால் இருவருக்குமே பயமாக இருக்கிறது, இனி என்ன செய்வது?

நம் பக்கத்தில் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்டுவார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதனால் நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் கயிறு கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் தனி ஆளாகிவிடுகிறார். கூட்டாளிகள் எல்லாம் குடிக்கிறவர்கள். குடிக்காதவர்கள் அவரை இன்னும் நம்புவதில்லை. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுக்கிறார். மறுபடி குடிக்கத் தொடங்குகிற பலர் பேச்சுத்துணை தேடிப் போய்த்தான் பாட்டிலில் விழுகிறார்கள்.

இதே தனிமையோடுதான் 1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பில் என்ற பங்குத் தரகர் ஒரு ஓட்டலில் நின்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த தொழில் காரியம் கெட்டுவிட்டது, பக்கத்திலேயே மதுக்கூடம். அங்கே நுழையாமல் அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி, தன்னைப்போலக் குடியால் அவதிப்படுகிற ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதி பாப் கடைசியாகக் குடித்தார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பில் போனது உபதேசம் செய்ய அல்ல. அன்றைக்குத் தான் தப்பிக்க அவருக்கு இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார்.

இந்தியாவில் இந்த அமைப்பின் கூட்டங்கள் 1957 முதல் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தன் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். இடையில் புத்திமதி இல்லை. ‘இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்’ என்ற சத்தியமும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்பது, அவ்வளவுதான். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசி, முழுதாகக் குடியை விட்டிருக்கச் செய்வதில் இம்முறை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று கண்டது.

நம் ஊரில் தடை வெட்கம்தான். அறந்தாங்கியில் ஒருவர் இப்படியொரு கூட்டத்துக்குப் படி ஏறினால் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். அதனால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தில் உட்காருகிறவரைக் கோழை என்று சொல்லாதீர்கள். இணையவழிக் கூட்டங்களும் இருக்கின்றன. கணவர் வர மறுத்தாலும் மனைவி போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அருகில் எங்கே கூட்டம் நடக்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அந்தப் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள், அம்மா. சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மஞ்சக்குடியைக் காட்டுவேன். கணவர் ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் திருவாரூர் பக்கத்து மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். சென்னைக்கு வர வழியில்லாதவர்கள் சொந்த ஊர் எல்லையிலேயே, குடும்பத்தோடு, மீண்டார்கள்.

புதுக்கோட்டைக்கு வெட்கத்தை உதறத் தெரியாதா என்ன? 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஊரார் பார்க்க உட்கார்ந்து அகரம் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் நடுத்தெருவில் சைக்கிள் பழகினார்கள். எழுத்தறியாததை மறைக்காமல் சொல்ல முடிந்த ஊரில், குடிநோயையும் மறைக்காமல் சொல்ல முடியும்.

அதற்கு ஓர் இடம் வேண்டும். பள்ளித் தாளாளர்கள், பங்குத் தந்தையர், ஜமாத் பெரியவர்கள், நூலகத்தை நடத்துகிறவர்கள் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் வந்தார்கள் என்று வெளியே பேசாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. உடனடி உதவி தேவைப்படுகிறவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

அன்புடன்,
ஆசிரியர்