சூரியநெல்லி வீட்டுக்கு துபாயிலிருந்து பெயிண்ட் அடிக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் சூடான பதிவு. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டும் நம் ஆட்களைத்தான் திட்டப் போகிறேன். நல்ல மனசோடுதான் கட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சுவருக்கு என்ன நிறம் என்று வரும்போது பண்ணுகிற நாட்டாமை இருக்கிறதே... தாங்க முடியவில்லை.

எஸ்டேட் வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். சூரியநெல்லிப் பக்கமே கட்டுகிறவர்கள் உண்டு, போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி போடியில் கட்டுகிறவர்களும் உண்டு. வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன், எஸ்டிமேட்டில் பெயிண்டிங் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். பெயிண்டர் ஷேடு கார்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். துபாயிலிருந்து பதில் வரும்: "ஏதாவது நியூட்ரலா, எல்லா ரூமுக்கும் ஒண்ணே அடிச்சிருங்கண்ணே". முடிந்தது கதை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவது யார்? அம்மா.

என் வாதம் ஒன்றுதான். நியூட்ரல் என்பது டப்பாவுக்குள் இருக்கிற சரக்கு அல்ல. ஆஃப் வைட், க்ரீம், பீஜ், இளஞ்சாம்பல் எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் மஞ்சளோ, சிவப்போ, பச்சையோ, நீலமோ ஒளிந்திருக்கும். அடர்ந்த நிறம் என்றால் எந்த வெளிச்சத்திலும் ஓரளவு அதுவாகவே தெரியும். வெளிறிய நிறம் அப்படியல்ல, அறைக்குள் வரும் வெளிச்சம் சொன்னபடி ஆடும். அதனால் நிறத்தை முடிவு செய்ய வேண்டியவர் அந்த அறைக்குள் நிற்பவர், பணம் அனுப்புபவர் அல்ல.

போடியும் சூரியநெல்லியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 10 டிகிரி வடக்கு. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மேலே மூடுபனியும் சாரலும், மழைமறைவில் இருக்கும் போடியிலோ கண் கூசும் வெயில். ஒரே நம்பர் ஷேடை இரண்டு வீட்டிலும் அடித்துப் பாருங்கள். கீழே பளிச்சென்று இருக்கும் ஆஃப் வைட், மேலே மேகம் மூடிய வெளிச்சத்தில் ஈரச் சாம்பல் மாதிரி தெரியும். "மச்சான் வீட்டில் அடித்த அதே கலர்" என்பதெல்லாம் ஒரு காரணமா?

அடுத்தது இன்டர்நெட் ஞானம். வடக்கு ஜன்னல் அறை குளிர்ச்சி, அதற்கு மஞ்சள் கலந்த நிறம். தெற்கு அறை வெதுவெதுப்பு, அதற்குச் சாம்பல். இது லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் எழுதிய விதி. அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான். மெல்போர்னில் இருப்பவர்கள் அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். நம் ஊரிலோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. மீதி மாதங்களில்தான் தெற்கே. அந்த வடக்கு வெயிலையும் ஜூனிலிருந்து மேகம் மூடிவிடுகிறது. ஆக, சூரியநெல்லியில் திசையை மட்டும் பார்த்து நிறம் சொல்கிறவர் ஜோசியர் :-) எந்தப் பக்கம் மலை மறைக்கிறது, மஞ்சு எப்போது ஏறுகிறது, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, இவைதான் கேள்விகள்.

வெளியே என்ன இருக்கிறது? தேயிலைச் சரிவு. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சை கலந்தே உள்ளே வருகிறது. பச்சை அடியுள்ள சாம்பலை அங்கே அடித்தால் சுவர் பாசி பிடித்த மாதிரி இருக்கும். ஏற்கெனவே ஈரத்தில் நிஜப் பாசியோடு மல்லாடுகிற ஊர், பெயிண்டிலும் பாசி எதற்கு? அங்கே லேசாகச் சிவப்பு கலந்த க்ரீம்தான் சாதாரணமாகத் தெரியும்.

"வெள்ளை அடித்தால் இருட்டு அறை வெளிச்சமாகிவிடுமே" என்பார்கள். பாதி உண்மை. வெள்ளை அதிக வெளிச்சத்தைத் திருப்பும். ஆனால் வந்த வெளிச்சத்தைத்தான் திருப்பும், புதிதாக உண்டாக்காது. வரவே இல்லாத கணக்கில் வட்டி ஏறுமா? நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் பளீரென்று இருக்கும், மூடுபனியில் வெறும் நீலமாகத் தெரியும். கூரைக்கு வெள்ளை இருக்கட்டும். சுவருக்கு வெளிச்சத்தை நன்றாகத் திருப்பும், ஆனால் மஞ்சளோ சிவப்போ துளி கலந்த நிறம் போதும். எவ்வளவு திருப்பும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் உண்டு, 0 முதல் 100 வரை. பெஞ்சமின் மூர் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் அதைத் தருகின்றன. மங்கலான அறைக்கு 70க்கு மேல் பாருங்கள். போடி வெயிலுக்கு 60 பக்கம் இருந்தாலே கண்ணுக்கு இதம்.

இப்போது வாட்ஸப் படத்துக்கு வருவோம். செல்போன் கேமரா வெளிச்சத்தின் நிறச்சாய்வைத் தானாகவே சரிசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டப் பார்க்கும். அதாவது நீங்கள் எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ, அதைத்தான் அது அழித்து அனுப்புகிறது. அப்புறம் உங்கள் திரையின் பிரைட்னஸ் வேறு. அந்தப் படத்தை வைத்து நிறம் தேர்வு செய்வதும், கையெழுத்துப் பார்க்காமல் செக் பாஸ் பண்ணுவதும் ஒன்று.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அம்மாவின் கண். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. இருபது வயதுக்காரருக்குப் பிரகாசமான அறை எழுபது வயதுக்காரருக்கு மங்கல். சுவர் சாம்பல், கதவு சாம்பல், டைல்ஸ் சாம்பல், படியும் சாம்பல் என்று பத்திரிகைப் படம் மாதிரி அடித்து வைத்தால், படி எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. விழுந்தால் இடுப்பு எலும்பு. நிலை, படி விளிம்பு, சுவிட்ச் போர்டு இருக்கும் இடம், இவை சுவரிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் ரசனை அப்புறம்.

"அம்மாவுக்குக் கலர் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறவர்களுக்கு: வாழ்நாள் முழுக்கக் கொளுந்து பறித்தவர்கள் அவர்கள். ஒரே செடியில் எந்தப் பச்சை கொளுந்து, எந்தப் பச்சை முற்றிய இலை என்று மழையிலும் மஞ்சிலும் கை நிற்காமல் பிரித்தவர்கள். அவர்களுக்கா நிறம் தெரியாது? அவர்களிடம் கேட்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை.

என்ன செய்யலாம்? ரொம்ப எளிது. மூன்று நிறத்தில் சின்ன டப்பா வாங்கச் சொல்லுங்கள். இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, காயவிட்டு, சுவரில் நேராகச் சாய்த்து வையுங்கள். மேஜையில் படுக்க வைத்தால் வேறு நிறம் தெரியும். ஒவ்வொரு அறையிலும் காலை, மதியம், மஞ்சு ஏறிய நேரம், ராத்திரி லைட் வெளிச்சம் என்று பார்க்கட்டும். பல வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.தான் எரிகிறது. அதில் க்ரீம் நிறம் உயிரிழந்து தெரிந்தால் சுவரை மாற்ற வேண்டாம், 4000 கெல்வின் பல்பை மாட்டுங்கள். இரண்டு நாள் பார்த்த பிறகு அப்பாவும் அம்மாவும் சொல்லட்டும். அறைக்கு ஒரு நிறம் என்றாலும் சரி. கலர் கலந்த 20 லிட்டர் பக்கெட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். சின்ன டப்பாவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பணம் நீங்கள் அனுப்புங்கள், நிறத்தை அவர்கள் சொல்லட்டும். நீங்கள் வருஷத்துக்குப் பத்து நாள் வருகிற விருந்தாளி. விருந்தாளி சுவரைக் குறை சொல்வது நம் ஊரில் மரியாதையும் இல்லை.